சுவர் வெடித்தால் யார் பொறுப்பு?



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. இரண்டும் கையிருப்பைக் கரைக்கும், பொறுமையைச் சோதிக்கும் என்பது அதன் பொருள். ஆனால் அந்தப் பழமொழி பிறந்த காலத்தில் வீட்டுக்காரரே பக்கத்தில் நின்று வீட்டைக் கட்டினார். சுண்ணாம்பு குழைப்பதை அவர் கண்ணால் பார்த்தார். கொத்தனார் அதே ஊர்க்காரர். சுவர் கோணலாக இருந்தால் மறுநாள் காலையில் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

இன்று நம்மில் பெரும்பாலோர் வீடு கட்டுவதில்லை, வாங்குகிறோம். முன்பின் அறியாத ஒரு நிறுவனம், நாம் பார்க்காத நேரத்தில், நமக்குத் தெரியாத ஆட்களைக் கொண்டு வீட்டைக் கட்டுகிறது. நாம் ஒரு படத்தையும் ஒரு மாதிரி வீட்டையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். பால்மரம் சீவியும் செம்பனைக் குலை தள்ளியும் சேர்ந்த சேமநிதிப் பணம் முன்பணமாகப் போகிறது. மிச்சத்துக்கு வங்கிக் கடன், முப்பது ஆண்டு வரைக்கும். பிறகு ஒரு நாள் சாவி கைக்கு வருகிறது. பால் காய்ச்சிக் குடிபுகுகிறோம். முதல் பெருமழையில் கூரை ஒழுகுகிறது. ஆறாம் மாதம் சுவரில் தலைமயிர் அளவு ஒரு கோடு தெரிகிறது. ஓராண்டில் அந்தக் கோட்டில் விரல் நுனி நுழைகிறது.

இதற்கு யார் பொறுப்பு? எத்தனை நாள்வரை பொறுப்பு? யாரிடம் போய்க் கேட்பது? இந்த மூன்று கேள்விகளுக்கும் இன்று நம் நாட்டில் எழுத்தில் பதில் உண்டு. அந்தப் பதில் ஒரே நாளில் வந்துவிடவில்லை. அது வந்த வழியை இவ்வுரையில் பார்ப்போம். வழி தெரிந்தால்தான் நமக்குக் கிடைத்திருப்பது என்ன, கிடைக்காதது என்ன என்பது விளங்கும்.

முதலில் நாம் விட்டு வந்த லயத்தை நினைத்துப் பார்ப்போம். லயத்து வீடு நம்முடையதன்று, தோட்டத்தினுடையது. தொடக்க காலத்தில் அத்தாப்புக் கூரை, பிறகு தகரக் கூரை. நீண்ட வரிசையில் அறைக்கு அறை ஒட்டிய குடியிருப்பு. 1923ஆம் ஆண்டு ஐக்கிய மலாய் மாநிலங்களில் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஆட்களைக் குடியமர்த்தும் தோட்டங்கள் வீடு, தண்ணீர், மருத்துவ வசதி ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும் என்று விதித்தது. ஆனாலும் லயத்துக் கூரை ஒழுகினால் தொழிலாளி செய்யக்கூடியது ஒன்றுதான். கங்காணியிடம் சொல்வார், கங்காணி கிராணியிடம் சொல்வார், கிராணி துரையிடம் சொல்வார். ஆள் வரும்வரை பாத்திரத்தை வைத்து ஒழுக்குத் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். அது முறையீடு, உரிமை அல்ல. வேலை போனால் வீடும் போகும் என்பதால் அந்த முறையீட்டையும் தணிந்த குரலில்தான் செய்ய வேண்டியிருந்தது.

1950களில் ஐரோப்பியர் தோட்டங்கள் பல துண்டு துண்டாக விற்கப்பட்டபோது இந்த உண்மை எல்லாருக்கும் விளங்கியது. தோட்டம் கைமாறியதும் வேலை போயிற்று. வேலையோடு தலைக்குமேல் இருந்த கூரையும் போயிற்று. அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் 1960இல் அது தொடங்கப்பட்டது. தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தைக் கொண்டு தோட்டங்களை வாங்கிய சங்கம் அது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியது இந்த அனுபவத்திலிருந்துதான்.

ஆனால் சொந்த வளை கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? வளையை வெட்டித் தந்தவர் ஒழுங்காக வெட்டித் தந்தாரா என்று யார் பார்ப்பது? இந்தக் கேள்வி மிகப் பழையது. இன்றைக்கு ஏறக்குறைய 3,750 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அரசர் இதற்கு விடை எழுதிவைத்தார்.

இன்றைய ஈராக் நாட்டில் அன்று பாபிலோன் என்ற பேரரசு இருந்தது. அதை ஆண்ட ஹம்முராபி என்ற மன்னர் தம் சட்டங்களைக் கருங்கல் தூண் ஒன்றில் வெட்டிவைத்தார். 1901ஆம் ஆண்டுத் தொடங்கி நடந்த அகழாய்வில் அத்தூண் ஈரானிலுள்ள சூசா என்ற இடத்தில் கிடைத்தது. இப்போது பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் வீடு கட்டுவோருக்கென்றே சில சட்டங்கள் உள்ளன. கட்டிய வீடு இடிந்து விழுந்து வீட்டுக்காரர் இறந்தால், கட்டியவருக்கு மரண தண்டனை. பொருள்கள் அழிந்தால், அவற்றை ஈடு செய்வதோடு வீட்டையும் தம் செலவிலேயே திரும்பக் கட்டித் தர வேண்டும். கடைசியாக உள்ள சட்டம் நமக்கு இன்னும் நெருக்கமானது. வீடு இடியவில்லை, சுவர் மட்டும் உறுதியில்லாமல் சாய்கிறது. அப்படியானால் கட்டியவர் தம் சொந்தப் பணத்தைப் போட்டு அந்தச் சுவரைப் பலப்படுத்தித் தர வேண்டும்.

உயிருக்கு உயிர் என்ற கொடுமையை உலகம் கைவிட்டது நல்லதே. ஆனால் அந்தக் கடைசிச் சட்டத்திலுள்ள நியாயத்தைப் பாருங்கள். குறை கட்டியவருடையது, ஆகவே செலவும் கட்டியவருடையது. இன்று நாம் வீட்டு உத்தரவாதம் என்று சொல்வதன் சாரம் இதுதான்.

இவ்வளவு பழைய நியாயம் நம் நாட்டுக்கு வர ஏன் இவ்வளவு தாமதமாயிற்று? காரணம், நம் நாட்டின் சட்டமுறை ஆங்கிலேயரிடமிருந்து வந்தது. ஆங்கிலேயரின் பழைய சட்டத்தில் விற்பனைக்கு ஒரு கோட்பாடு உண்டு: வாங்குகிறவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும். சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவர் சொத்தையா என்று தாமே புரட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்தபின் புழுவைக் கண்டு குறை சொல்லக்கூடாது. கட்டி முடிந்த வீட்டுக்கும் அதே விதிதான். கத்தரிக்காயைப் புரட்டிப் பார்க்கலாம். வீட்டின் அடித்தளத்தை யார் புரட்டிப் பார்ப்பது? பூச்சுக்குள் இருக்கும் சிமெண்டில் எவ்வளவு மணல் என்று யார் அறிவார்?

அந்த இங்கிலாந்திலேயே இதனால் பெரும் துன்பம் விளைந்தது. முதல் உலகப் போருக்குப் பின் அங்கே நகர்ப்புறங்களில் ஆயிரக்கணக்கான வீடுகள் அவசர அவசரமாகக் கட்டப்பட்டன. தொழிலாளர் குடும்பங்கள் முதன்முறையாகக் கடன் வாங்கி வீடு வாங்கின. பல வீடுகளில் கூரை ஒழுகிற்று, சுவரில் ஈரம் ஏறிற்று, சன்னல் சட்டம் பிதுங்கிற்று. வீடு நல்லதோ கெட்டதோ, தவணை மட்டும் தவறாமல் கட்டவேண்டும் என்ற நிலை.

அப்போது எல்சி போர்டர்ஸ் என்ற பெண்மணி எழுந்து நின்றார். இலண்டனில் வாடகைக் கார் ஓட்டிய ஒருவரின் மனைவி அவர். குறைபாடு நிறைந்த தம் வீட்டுக்கு 1937இல் தவணை கட்டுவதை நிறுத்தினார். கடன் கொடுத்த நிறுவனம் வீட்டைக் கைப்பற்ற வழக்குத் தொடுத்தது. வழக்கறிஞர் இல்லாமல் அவரே நீதிமன்றத்தில் நின்று தம் வழக்கை வாதாடினார். செய்தித்தாள்கள் அவரைப் பற்றி எழுதின. மற்றப் பகுதிகளிலும் வீட்டுக்காரர்கள் தவணையை நிறுத்தினார்கள். நிறுவனம் வீட்டைக் கைப்பற்றும் முயற்சி 1939இல் தோற்றது. ஆயினும் எல்சி கேட்ட இழப்பீடு, 1941இல் நாட்டின் உச்ச நீதி மன்றமான பிரபுக்கள் சபையில் மறுக்கப்பட்டது. இழப்பீடு கிடைக்காவிட்டாலும் அவர் எழுப்பிய கேள்வி சாகவில்லை. வீட்டுக் கடன் நிறுவனங்களைப் பற்றி 1939இலேயே அங்கே ஒரு புதிய சட்டம் வந்தது.

அதே காலத்தில், 1936இல், வீடு கட்டுவோரைப் பதிவு செய்யும் மன்றம் ஒன்றும் இங்கிலாந்தில் அமைந்தது. மன்றத்தில் பதிந்துகொண்டவர் குறிப்பிட்ட தரத்தில் வீடு கட்ட வேண்டும். கட்டிய வீட்டுக்கு உத்தரவாதமும் தர வேண்டும். பின்னாளில் அந்த உத்தரவாதம் பத்தாண்டாக வளர்ந்தது. புது வீட்டோடு உத்தரவாதப் பத்திரம் சேர்ந்து வருகிற வழக்கம் அங்கே இப்படித்தான் வேர்விட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

சுதந்திரத்துக்குப் பின் நகரங்கள் வளர்ந்தன, தாமான்கள் எழுந்தன. வீடு கட்டி விற்பது பெரிய தொழிலாயிற்று. நல்ல நிறுவனங்களோடு, முன்பணத்தை வாங்கிக்கொண்டு வேலையைப் பாதியில் விட்டவர்களும் தலைகாட்டினார்கள். ஒப்பந்தத்தை எழுதுவது விற்பவரின் வழக்கறிஞர். வாங்குபவர் அதைப் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார். அரசாங்கம் தலையிட வேண்டிய வேளை வந்தது.

1966ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. இரண்டுமே கூரையைப் பற்றியவை. ஒன்று, தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுத்தரச் சட்டம். இது முதலாளி தரும் வீட்டைப் பற்றியது, லயத்துக்குரியது. மற்றொன்று, வீடமைப்பு நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கிக் கட்டுப்படுத்தும் சட்டம். இது காசு கொடுத்து வாங்கும் வீட்டைப் பற்றியது, தாமானுக்குரியது. ஒரே ஆண்டில் பிறந்த இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவில்தான் நம் குடும்பங்களின் பயணம் நடந்திருக்கிறது. லயத்துக்குரிய சட்டத்தின் இடத்தில் 1990இல் புதிய சட்டம் வந்தது. அது 2019இல் திருத்தப்பட்டு, தோட்டத்துக்கு வெளியே உள்ள தொழில்களுக்கும் விரிந்தது. நாம் இனிப் பார்க்கப்போவது தாமானுக்குரிய சட்டத்தை.

அந்தச் சட்டத்தின்கீழ், நான்குக்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டி விற்கும் நிறுவனம் உரிமம் பெறவேண்டும். 1970இல் வந்த விதிகள், விற்பனை ஒப்பந்தத்தில் இன்னின்ன வாசகங்கள் கட்டாயம் இருக்கவேண்டும் என்று கூறின. ஆனால் விதியைச் சுற்றி வளைத்துப்போக வழி தேடுகிறவர்கள் எங்கும் உண்டு. ஒப்பந்தத்தின் ஒரு மூலையில், தங்களால் தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதமானால் தாங்கள் பொறுப்பில்லை என்பதுபோல் ஒரு வரியைச் சேர்த்துவிடுவார்கள்.

அத்தகைய வழக்கு ஒன்று கூட்டரசு நீதிமன்றத்துக்கு வந்தது. வீடு தாமதமாகக் கிடைத்தது. வாங்கியவர் இழப்பீடு கேட்டார். நிறுவனம் அந்த வரியைக் காட்டியது. 1982இல் வெளியான தீர்ப்பில் அப்போதைய தலைமை நீதிபதி துன் முகமது சுஃபியான் அவர்கள், விதிகளுக்கு முரணான அந்த வரி செல்லாது என்றார். வீடு வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் எளிய வருவாய் உடையவர்கள்; செல்வமும் செல்வாக்கும் மிக்க நிறுவனங்களிடமிருந்து அவர்களைக் காப்பதற்காகத்தான் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தை இயற்றியது என்ற கருத்தையும் அதில் சொன்னார். தீர்ப்பு தாமதத்தைப் பற்றியதுதான். ஆனாலும் அதன் பயன் பெரிது. கையெழுத்துப் போட்டுவிட்டாயே, இனி என்ன கேள்வி என்று சொல்லி வாங்குபவரின் வாயை அடைக்க முடியாது என்பது உறுதியாயிற்று. சட்டம் தந்த பாதுகாப்பைத் தனியார் பத்திரம் பறிக்க முடியாது.

அதே 1982இல் அரசாங்கம் மேலும் ஒரு படி போயிற்று. ஒப்பந்தத்தையே சட்டம் எழுதித் தந்தது. 1989இல் அது புதுப்பிக்கப்பட்டது: தரைவீட்டுக்கு ஒரு படிவம், அடுக்குமாடி வீட்டுக்கு ஒரு படிவம். எந்த நிறுவனம் விற்றாலும், யார் வாங்கினாலும், அதே வாசகம். அதில்தான் நாம் தேடுகிற உத்தரவாதம் இருக்கிறது. அதற்குக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று பெயர். 1989ஆம் ஆண்டுப் படிவத்தில் அது 18 மாதம். 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 24 மாதமாயிற்று. இன்றும் அதுதான் கணக்கு.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதத்துக்குள், மோசமான வேலைப்பாட்டினாலோ மட்டமான பொருளினாலோ, அங்கீகரித்த வரைபடத்தின்படி கட்டாததினாலோ ஏற்படும் குறைகளை நிறுவனம் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். சுவர் வெடிப்பு, கூரை ஒழுக்கு, தரைக்கல் பெயர்தல், கதவு மூடாமை, குளியலறைத் தண்ணீர் வடியாமை எல்லாம் இதில் அடங்கும். வீட்டுக்காரர் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அறிவிப்புக் கிடைத்து 30 நாளில் நிறுவனம் பழுது பார்க்க வேண்டும்.

பார்க்காவிட்டால்? இங்கேதான் சட்டத்தை எழுதியவர்களின் சாமர்த்தியம் தெரிகிறது. வீட்டின் விலையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, வீடு ஒப்படைக்கப்பட்ட பின்னும் நேரே நிறுவனத்தின் கைக்குப் போய்விடுவதில்லை. அது வழக்கறிஞரிடம் பொதுப் பணமாக இருக்கும். இரண்டரைப் பங்கு 8 மாதம் கழித்தும், மீதி இரண்டரைப் பங்கு 24 மாதம் கழித்தும்தான் நிறுவனத்துக்குப் போகும். வீட்டின் விலை 100,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 5,000 வெள்ளி வழக்கறிஞரிடம் நிற்கும். எட்டாம் மாதத்துக்குப் பின்னும் 2,500 வெள்ளி மிச்சம் இருக்கும். நிறுவனம் பழுது பார்க்காவிட்டால், செலவு எவ்வளவு ஆகும் என்று மதிப்பீடு வாங்கி, நாமே வேலையைச் செய்துகொள்ளப் போகிறோம் என்று மறுபடியும் அறிவித்து, நிறுவனத்துக்கு இன்னும் 30 நாள் வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அப்போதும் அசையாவிட்டால், நாமே செய்துகொண்டு அந்தப் பணத்திலிருந்து செலவைப் பெறலாம். பாபிலோனில் கத்தியைக் காட்டிப் பயமுறுத்தினார்கள். இங்கே நிறுவனத்தின் பணத்தையே பிணையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

ஆயினும் ஒரு குறை நீண்ட காலம் இருந்தது. நிறுவனம் மறுத்தால் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். ஆயிரம் வெள்ளிப் பழுதுக்கு வழக்கறிஞருக்கு அதைவிட மேலாகக் கொடுக்க யாரால் முடியும்? இதற்கு மாற்றாக 2002ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் செயலுக்கு வந்தது. வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின்கீழ் உள்ள இதில் மனுச் செய்யக் கட்டணம் 10 வெள்ளி. பொதுவாக வழக்கறிஞர் வைத்து வாதாட அனுமதி இல்லை. வீட்டுக்காரர் தாமே பேசலாம். தொடக்கத்தில் 25,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை இது விசாரித்தது; 2007இல் அந்த வரம்பு 50,000 வெள்ளியாக உயர்ந்தது. முதலில் வாங்கியவரிடமிருந்து வீட்டை வாங்கிய இரண்டாம் உரிமையாளரும் இதில் முறையிடலாம். குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்து 12 மாதத்துக்குள் மனுச் செய்துவிட வேண்டும். எல்சி போர்டர்ஸ் தனியாக நின்று வாதாடியதை நாம் வியந்து பேசினோம். இன்று நம் ஒவ்வொருவருக்கும் அப்படி நின்று பேச ஓர் இடம் உண்டு.

இவ்வளவும் சொன்னபின், இந்த உத்தரவாதம் எட்டாத இடத்தையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நம் வரலாறு பாதி வரலாறாகிவிடும்.

1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் கோலாலம்பூருக்கு அருகே உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடங்களில் ஒன்று சாய்ந்து விழுந்தது. 48 பேர் மாண்டார்கள். அந்தக் கட்டடத்தில் மக்கள் பத்தாண்டுக்கும் மேலாகக் குடியிருந்தார்கள். பின்புறக் குன்றில் ஓடிய தண்ணீர் ஆண்டுக்கணக்கில் மண்ணை இளக்கியது. வீடு வாங்கிய ஒன்றிரண்டு ஆண்டுகளில் கண்ணுக்குத் தெரியக்கூடிய குறை அல்ல அது. மற்றக் கட்டடங்களில் இருந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஊராட்சி மன்றத்தின்மீது பொறுப்புச் சுமத்த முடியாது, 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95ஆம் பிரிவு அதைக் காக்கிறது என்று 2006இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்னொன்று நமக்கு மிக அருகில் நடந்தது. 1990களில் புத்ராஜெயா நகரை எழுப்புவதற்காகப் பிராங் பெசார் முதலான தோட்டங்கள் எடுக்கப்பட்டன. அங்கே பாடுபட்ட குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. லயத்தை விட்டுக் கல்வீட்டுக்கு வந்தோம் என்ற மகிழ்ச்சி நிலைக்கவில்லை. சுவர்கள் வெடித்தன, தளங்களில் தண்ணீர் கசிந்தது. தரைவீடு வேண்டும் என்று அவர்கள் ஆண்டாண்டாகப் போராடினார்கள். 2023இல்தான் அவர்களுக்கான தரைவீட்டுத் திட்டம் அரசாங்கத்தால் அறிவிக்கப்பட்டது. குடிபெயர்ந்தபோது பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் அதற்குள் தாய் தந்தையராகிவிட்டார்கள். இருபத்துநான்கு மாதம் என்ற கணக்கை இந்தக் காத்திருப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சில நாடுகள் இந்த இடைவெளியைச் சட்டத்தாலேயே அடைத்திருக்கின்றன. பிரான்சில் 1804ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலேயே கட்டடத்தின் உறுதிக்குக் கட்டியவர் பத்தாண்டு பொறுப்பு என்று எழுதப்பட்டது. ஜப்பானில் 1999இல் இயற்றி 2000இல் நடைமுறைக்கு வந்த சட்டம், புது வீட்டின் தூண், உத்தரம் போன்ற முக்கியப் பகுதிகளுக்கும் மழைநீர் புகாமைக்கும் பத்தாண்டுப் பொறுப்பை விதித்தது. நம் நாட்டில் ஒரு முன்னேற்றம், 2018இல் கொண்டுவந்து 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த காலவரம்புச் சட்டத் திருத்தம். கவனக்குறைவால் விளைந்த மறைவான குறை பின்னாளில் தெரியவந்தால், தெரிந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் வழக்குப் போடலாம். ஆனால் தவறு நடந்து 15 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. இது நீதிமன்ற வழி. செலவும் காலமும் பிடிக்கும். ஆகவே 24 மாதத்துக்குள் கேட்க வேண்டியதை அந்த 24 மாதத்துக்குள் கேட்டுவிடுவதே சிறப்பு.

எனவே, நேயர்களே, சாவி வாங்கும் நாளில் சில காரியங்களை நாம் மறவாமல் செய்ய வேண்டும்.

சாவியை ஏற்றுக்கொள்ளும்படி வந்த கடிதத்தின் தேதியைக் குறித்துவைக்க வேண்டும். நல்ல நாள் பார்த்துப் போகலாம் என்று சாவியை வாங்காமலே இருந்தாலும், குறிப்பிட்ட நாட்கள் கழிந்ததும் வீட்டைப் பெற்றுக்கொண்டதாகவே ஒப்பந்தம் கருதும். நாம் குடிபுகாவிட்டாலும் நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

வீட்டை அலங்கரிப்பதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டும். குளியலறைத் தரையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் அது துளையை நோக்கி ஓடுகிறதா, மூலையில் தேங்குகிறதா என்பது தெரியும். தரைக்கல்லை ஒரு காசால் தட்டினால், உள்ளே வெற்றிடம் இருந்தால் சத்தமே காட்டிக்கொடுக்கும். பெருமழைக்குப் பின் மேல்கூரையையும் சன்னலோரத்தையும் பார்க்க வேண்டும். அடுப்படியை நீட்டுவது, சுவரை இடிப்பது போன்ற மாற்றங்களை முதலிலேயே செய்துவிட்டால், பிறகு வந்த வெடிப்பு உங்கள் வேலையால் வந்தது என்று சொல்ல இடம் கொடுத்துவிடுவோம்.

குறை கண்டால் வாயால் சொல்லிவிட்டு வந்துவிடக் கூடாது. நமக்குப் பழக்கம் அதுதான். லயத்தில் கிராணியிடம் வாயால் சொல்லித்தானே பழகினோம். இங்கே வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. பள்ளியில் படிக்கும் பிள்ளையை விட்டு மலாயில் கடிதம் எழுதச் சொல்லுங்கள். எந்த அறை, என்ன குறை, எந்தத் தேதியில் கண்டது என்று ஒவ்வொன்றாக எழுதி, படமும் சேர்த்து, நேரில் கொடுத்தால் ஒரு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அனுப்பினால் பதிவு அஞ்சலில் அனுப்பிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டுப் பத்திரம் இருக்கும் பெட்டியிலேயே அதுவும் இருக்கட்டும்.

வாங்கும் முன்பே, நிறுவனத்துக்கு உரிமம் உண்டா, ஒப்பந்தம் சட்டப் படிவத்தின்படி உள்ளதா என்று கேட்டறிய வேண்டும். எல்லா வீடும் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும் என்று எண்ணக் கூடாது. நாம் சொன்ன வீடமைப்புச் சட்டம் தீபகற்ப மலேசியாவுக்கு உரியது. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு.

ஹம்முராபியின் கல்லில் வெட்டிய சட்டத்தை அந்தக் காலத்துக் குடியானவர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? நம் சட்டம் காகிதத்தில் இருக்கிறது. படிக்கத் தெரிந்த பிள்ளைகளும் நம் வீட்டில் இருக்கிறார்கள். இன்றிரவு அந்த ஒப்பந்தத்தை எடுத்து, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்ற பகுதியை அவர்களை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வீடு ஒப்படைக்கப்பட்ட தேதியையும், அதிலிருந்து 24 மாதம் முடியும் தேதியையும் சுவரில் மாட்டியிருக்கும் நாள்காட்டியின் மேல் எழுதிவையுங்கள்.